வினைமுற்றில் வெளிப்படும் அரசியல்: விருத்தாசலத்தை முன்னிட்டு ஒரு மேடைமொழி ஆய்வு

தமிழ்நாட்டில் ஒரு தொகுதியின் அரசியல் சரித்திரத்தை எழுதப் புகுவோர் வாக்கு எண்ணிக்கையையும் வேட்பாளர் பட்டியலையும் தேடி எடுப்பார்கள். அவ்வாக்குகள் விழுவதற்குக் காரணமாயிருந்த பேச்சுகளைத் தேடி எடுப்போர் மிகச் சிலரே. எண்கள் அச்சேறி அரசாங்கக் காரியாலயங்களில் பத்திரமாக இருக்கின்றன; பேச்சோ, மேடை பிரிக்கப்பட்ட மறுநாளே கேட்டவர்களின் ஞாபகத்தில் தேயத் தொடங்கிவிடுகிறது. ஆயினும், ஜனநாயகம் என்பது பேச்சினால் நடைபெறும் ஆட்சிமுறை என்பதை ஒப்புக்கொள்வோமாயின், அந்தப் பேச்சின் மொழியைச் சுவைப்பதோடு நில்லாமல், அளந்தும் வகுத்தும் படமாக வரைந்தும் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. மேல்நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்துவரும் இக்கலை தமிழுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும், பொருந்துவதற்கு அதில் என்ன மாறுதல் செய்தாக வேண்டும் என்பவற்றைக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை முன்னிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்தது காரணமின்றி அன்று. திருமுதுகுன்றம் என்று தேவாரம் போற்றும் இவ்வூர், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த தலம், ரயில்வே சந்திப்பு, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அமைந்த சந்தையூர், இவற்றோடு, சில தலைமுறைகளாகப் பீங்கான் நகரம் என்று பெயர் பெற்ற தொழிலூரும் ஆகும். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும், தொழிற்பேட்டையும், மின்சாரப் ஃப்யூஸ் கட்டை முதல் கொலுப் பொம்மை வரையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் சிறு பட்டறைகளும் இங்கே உள்ளன. 1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் தொலைவில் இல்லை. ஆகவே இவ்வூர் மேடையில் ஏறுகின்ற பேச்சாளர், ஒரே கூட்டத்தில் உழவரையும் சூளைத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் முந்திரி வியாபாரியையும் மாணவரையும் விளித்தாக வேண்டியவராகிறார். திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி, தொழிற்சங்கத்தின் வாதமொழி, சாதிச் சங்கங்களின் உரிமைமொழி, திரைப்படத்தின் வசனமொழி ஆகிய நான்கும் கலந்து ஒலித்த பிரதேசம் இது.

இந்நான்கில் கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றையும் இவ்வூரில் ஒருமுறை வென்றது. 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகத்தைத் தொடங்கிய நடிகர் விஜயகாந்த், எட்டு மாதங்களுக்குள் வந்த சட்டமன்றத் தேர்தலில் எக்கூட்டணியிலும் சேராது, தெய்வத்தோடும் மக்களோடும்தான் தமக்குக் கூட்டணி என்று அறிவித்துக்கொண்டு விருத்தாசலத்தில் நின்றார். 2006 மே 11 அன்று வெளியான முடிவில், பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளரை 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 234 தொகுதிகள் கொண்ட சபையில் அவருடைய கட்சி வென்ற ஒரே இடம் இதுவே. அடுக்குமொழியும் செந்தமிழ் ஓசையும் மேடைக்கு இன்றியமையாதவை என்று அரை நூற்றாண்டாக நம்பிவந்த ஒரு நாட்டில், திரையில் புள்ளிவிவரங்களை வரிசையாக ஒப்பிக்கும் நாயகனாக அறியப்பட்ட ஒருவர், மேடையில் பேச்சுவழக்குத் தமிழிலேயே பேசி வென்றார் என்பது மேடைமொழி ஆராய்ச்சியாளர் எளிதில் கடந்துபோகக் கூடிய சங்கதி அன்று.

பேச்சின் பாடம்

எந்த ஆய்வுக்கும் முதலில் வேண்டுவது நம்பத்தக்க மூலபாடம். தமிழ் மேடைப் பேச்சின் விஷயத்தில் முதல் இடரே இங்குதான் எழுகின்றது. 1908 இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் சுப்பிரமணிய சிவாவும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஆற்றிய சுதேசிப் பிரசங்கங்கள் இன்று நமக்கு எவ்வளவு கிடைக்கின்றனவோ அவ்வளவும் பெரும்பாலும் காவல்துறையினர் எழுதிவைத்த குறிப்புகளின் வழியாகவும், அவற்றைச் சாட்சியமாகக் கொண்டு நடந்த ராஜத்துரோக வழக்கின் ஆவணங்கள் வழியாகவுமே கிடைக்கின்றன. அவ்வழக்கில் 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்துச் சிதம்பரம் பிள்ளைக்கு 40 ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார் என்பதை நினைவிற் கொண்டால், மேடைப் பேச்சின் சொற்களை முதன்முதலில் அக்கறையோடு சேகரித்து எடைபோட்டுப் பார்த்தவர்கள் இலக்கிய ரசிகர்கள் அல்லர், அதிகாரத்திலிருந்தவர்களே என்பது விளங்கும்.

அமெரிக்க மானிடவியலறிஞர் பெர்னார்ட் பேட், தமிழ் மேடைப் பேச்சின் தோற்றத்தைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். மதுரையில் தங்கி அவர் செய்த களஆய்வு 2009 இல் நூலாயிற்று. 2016 இல் அவர் காலமான பின்னர், அவருடைய மற்றொரு நூலை நண்பர்கள் பதிப்பித்து 2021 இல் வெளியிட்டனர். கிறிஸ்தவ பாதிரிமாரின் பிரசங்க முறையிலிருந்து, 1847 இன் இறுதியில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கத்தின் வழியாகவும், பின்னர் சுதேசி இயக்கத்தின் வழியாகவும், பொதுமக்கள் எல்லாரையும் ஒரே திரளாக விளிக்கும் வழக்கம் தமிழில் படிப்படியாக உருவானதை அவர் காட்டினார். திராவிட இயக்கத்தார் மேடையில் செந்தமிழைக் கையாண்டது அலங்காரத்திற்காக மட்டும் அன்று. பழம்பெருமையுடைய ஓர் இனத்தின் குரலாகத் தம்மை நிறுவிக்கொள்வதற்காகவுமே என்பது அவர் கண்ட முடிவு.

பாடத்தைப் பற்றிய மற்றோர் இடரும் உண்டு. மேடையில் பேச்சுவழக்கில் சொல்லப்பட்டதைச் செய்தியாளர் எழுத்துவழக்கிற்கு மாற்றியே அச்சிடுகிறார். "பண்ணுவோம்" என்பது "செய்வோம்" ஆகிறது, மும்முறை சொன்னது ஒருமுறையாகச் சுருங்குகிறது, கைதட்டல் மறைகிறது. பெரியாரின் பேச்சுகள் குடி அரசு, விடுதலை ஏடுகளிலும், அண்ணாதுரையின் பேச்சுகள் கழக ஏடுகளிலும் நூல்களிலும் பெருமளவு கிடைப்பது நமது பாக்கியம். எனினும் அவை அச்சுக்காகத் திருத்தம் பெற்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் விசாரித்தே பயன்படுத்த வேண்டும். ஒலிநாடா வந்த பின்னரும், காணொளி வந்த பின்னரும் நேர்ந்த பெரிய அனுகூலம், இவ்விசாரணைக்கு வழி பிறந்ததே.

எண்ணும் கலை

சொற்களை எண்ணி அகராதி வரிசையில் அடுக்கிப் பொருள் காண்பது கணினியோடு பிறந்த பழக்கம் அன்று. ஐரோப்பாவில் 13 ஆம் நூற்றாண்டிலேயே விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்திருக்கிறார்கள். 1949 இல் ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார், தாமஸ் அக்குவைனஸின் நூல்களுக்குச் சொல்லடைவு செய்ய ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையை நாடினார். தமிழும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. விருத்தாசலத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள புதுச்சேரியின் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம், பழந்தமிழ் இலக்கியத்தின் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. சங்கப் புலவர் ஒரு சொல்லை எத்தனை இடங்களில் பிரயோகித்தார் என்று நொடியில் சொல்ல முடிகின்ற நாம், நேற்றைய முதலமைச்சர் ஒருவர் ஒரு சொல்லை எத்தனை இடங்களில் பிரயோகித்தார் என்று சொல்ல இயலாதிருக்கிறோம்.

அரசியல் எழுத்தை எண்ணிப் பார்த்ததில் புகழ்பெற்ற உதாரணம் 1964 இல் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் செய்த ஆய்வு. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்துப் புனைபெயரில் எழுதப்பட்ட 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா, மாடிசனா என்ற நெடுநாள் விவாதத்தை அவர்கள் தீர்க்க முற்பட்டபோது, சுதந்திரம், யுத்தம், சட்டம் முதலிய பெருஞ்சொற்களை நம்பவில்லை. அத்தகைய சொற்கள் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கேற்ப எவருடைய எழுத்திலும் கூடும், குறையும். எழுதுபவர் தாமே கவனியாமல் வழங்கும் இடைச்சொற்களையே அவர்கள் எண்ணினார்கள். அவை மாடிசனையே சுட்டின. பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதைப் பெருஞ்சொற்கள் காட்டும். பேசுபவர் எப்படிப்பட்டவர், கேட்பவரை எங்கே நிறுத்துகிறார் என்பதைச் சிறுசொற்களே காட்டும் என்ற பாடத்தை இவ்வாய்வு உலகுக்குக் கற்பித்தது.

அதன்பின் வந்த முறைகளில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுவது போதும். முதலாவது, நீளத்தைச் சமன்செய்வது. ஜார்ஜ் வாஷிங்டன் 1793 இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது பேசியது 135 சொற்களே. 1841 இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பேசியதோ 8,445 சொற்கள். ஒரு சொல் இருவரிடமும் எத்தனை முறை வந்தது என்று கேட்பது பயனற்றது. ஆயிரம் சொல்லுக்கு எத்தனை என்றே கேட்க வேண்டும். இரண்டாவது, எல்லாரிடமும் வரும் சொல்லின் மதிப்பைக் குறைப்பது. 1972 இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வகுத்த தத்துவம் இது. "மக்கள்" என்ற சொல் எல்லாப் பேச்சிலும் வருமாதலால் ஒரு பேச்சை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சக்தி அதற்கு இல்லை. "சூளை" என்ற சொல் விருத்தாசலத்துப் பேச்சில் மட்டும் வருமாயின், ஓரிரு முறையே வந்தாலும் அதன் எடை பெரிது.

மக்கள் என்ற ஒரு சொல்

இனி இம்முறைகளைத் தமிழில் பிரயோகிக்கும்போது நேரும் விபரீதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆங்கிலத்தில் சொற்கள் இடைவெளிகளால் பிரிந்து நிற்கின்றன; வேற்றுமையும் இடைச்சொல்லும் தனித்தனியே நின்று எண்ணிக்கைக்கு இடங்கொடுக்கின்றன. தமிழிலோ அவை பெயரோடும் வினையோடும் ஒட்டிக்கொள்கின்றன. மக்கள், மக்களே, மக்களை, மக்களுக்கு, மக்களுக்காக, மக்களோடு, மக்களிடம், மக்களால், மக்களும், மக்கள்தான், மக்களாட்சி, மக்கட்பணி என்று ஒரே வேர் பன்னிரண்டு உருவில் வந்தால், இலக்கணம் அறியாத கணினிக்கு அவை பன்னிரண்டு சொற்கள். இவ்வாறு சிதறிய எண்ணிக்கையைக் கொண்டு, "இத்தலைவர் மக்களைப் பற்றி அதிகம் பேசவில்லை" என்று ஒருவர் முடிவு கட்டினால் அது அபத்தம்.

ஆகையால், வேரையும் உருபையும் பிரித்துவிட்டு வேரை மட்டும் எண்ணுவோம் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் முழுமையான பரிகாரம் அன்று. "மக்களே" என்பது விளி. பேசுபவர் எதிரே இருப்பவரை நோக்கித் திரும்பிய கணம். "மக்களுக்காக" என்பது உபகாரம்; மக்கள் பெறுபவர், தருபவர் வேறொருவர். "மக்களால்" என்பது கருத்தா; அங்கே செய்பவர் மக்கள். ஜெயலலிதா தம் கட்சிக்கு முழக்கமாக்கிய "மக்களால் நான், மக்களுக்காகவே நான்" என்ற தொடரின் சாமர்த்தியம் முழுவதும் அவ்விரண்டு உருபுகளில் இருக்கிறது. உருபைக் களைந்துவிட்டால் மிஞ்சுவது மக்களும் நானும் மட்டுமே. ஆங்கில ஆய்வாளர் கழித்துக்கட்டும் துணுக்குகள் எவையோ அவையே தமிழ் ஆய்வாளருக்கு மூலதனம்.

ஊரின் தொழிலைத் தேடும்போதும் இவ்விதக் கவனம் அவசியம். இவ்வூரில் வழங்கும் சொல் "செராமிக்". அரசாங்க ஏட்டில் இருப்பது "பீங்கான்". பட்டறையில் வேலை செய்பவர் சொல்வது களிமண், அச்சு, சூளை, பொம்மை. பேச்சாளர் இம்மூன்று வரிசைகளில் எதை எடுத்தார் என்பதைத் தனித்தனியே குறித்துக்கொண்டால், அவர் தொழிற்பேட்டையின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பேசினாரா, பட்டறைக்குள் நின்றவர்களைக் கேட்டுவிட்டுப் பேசினாரா என்பது ஓரளவு புலப்படும்.

நாம், நாங்கள், ஓம்

தமிழ் மேடைமொழியின் உயிர்நிலை என்று நான் கருதுவது தன்மைப் பன்மை. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால், அங்கே ஒரு தலைவர் பன்மையில் பேசும்போது கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதைச் சந்தர்ப்பத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். தமிழ்ப் பேச்சாளருக்கு அந்த மறைவிடம் இல்லை. "நம் ஆட்சி" என்பதற்கும் "எங்கள் ஆட்சி" என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாமரரும் அறிவர்.

ஆயினும் மறைவிடம் வினைமுற்றில் இருக்கிறது. தொல்காப்பியர் தன்மைப் பன்மை வினைக்கு வகுத்த விகுதிகளில், அம், ஆம் என்பன முன்னிலையாரை உளப்படுத்தும் என்றும், எம், ஏம் என்பன படர்க்கையாரை உளப்படுத்தும் என்றும் உரையாசிரியர்கள் பிரித்தனர். நன்னூலார் ஓம் விகுதியையும் இந்த இரண்டாம் வரிசையில் வைத்தார். அதாவது, அவர் கணக்குப்படி "செய்வோம்" என்பதில் எதிரே நிற்பவருக்கு இடமில்லை. காலப்போக்கில் மற்ற விகுதிகள் வழக்கொழிந்து, ஓம் ஒன்றே எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. இன்று "செய்வோம்" என்று மட்டும் சொன்னால், நாம் செய்வோமா, நாங்கள் செய்வோமா என்பது கேட்பவர் விருப்பத்துக்கு விடப்படுகிறது. எழுவாயை விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் நிறுத்துவது தமிழின் இயல்பாதலால், பேச்சாளர் ஒரு பொய்யும் சொல்லாமலே இரு பொருளும் பட முழங்க முடிகிறது.

இதை விளக்குவதற்காக ஒரு மாதிரிப் பகுதியைப் புனைந்து தருகிறேன். இது எவர் பேச்சும் அன்று, எவரும் பேசியிருக்கக்கூடியது. "இது நம் ஊர். நாம் பட்ட கஷ்டம் கொஞ்சமா? நாங்கள் ஆட்சிக்கு வந்தால் செராமிக் தொழிலாளர்களுக்கு நிவாரணம் வழங்கப்படும். மூடிக் கிடக்கும் சூளைகள் திறக்கப்படும். வெற்றி பெறுவோம், சரித்திரம் படைப்போம்." பெருஞ்சொற்களை மட்டும் எண்ணினால் ஊர், கஷ்டம், தொழிலாளர், நிவாரணம், வெற்றி என்று ஒரு நல்ல மனிதரின் பேச்சாகத் தோன்றும். சிறுசொற்களை எண்ணுங்கள். ஊரும் கஷ்டமும் நம்முடையவை, ஆட்சி எங்களுடையது, நிவாரணமும் சூளையும் செயப்பாட்டுவினையில் இருப்பதால் எவருடைய கடமையும் அல்ல, வெற்றிக்கு மட்டும் ஓம் விகுதி, அதில் எல்லாருக்கும் இடம் இருப்பது போன்ற தோற்றம். கஷ்டத்தில் கூட்டு, அதிகாரத்தில் தனி, கடமையில் ஒருவருமில்லை, கொண்டாட்டத்தில் மறுபடியும் கூட்டு என்ற இவ்வொழுங்கைக் கைதட்டிக்கொண்டு கேட்பவர் காண்பதரிது. வரைந்து வைத்தால் குழந்தையும் காணும்.

வாக்குறுதிக்கு உடையவர் யார் என்பதைக் காட்டும் உருவங்கள் தமிழில் இன்னும் பல. "செய்வேன்" என்பதில் ஒருவர் தம்மையே பிணை வைக்கிறார். "இவ்வரசு செய்யும்" என்பதில் அமைப்பு பிணை நிற்கிறது. அண்மைக்காலத்தில் "அம்மாவின் அரசு" என்றும் "திராவிட மாடல் ஆட்சி" என்றும் அவ்வமைப்புக்கு அடைமொழி சேர்ந்தது. "ஆவன செய்யப்படும்" என்பதில் செயல் இருக்கிறது, செய்பவரும் இல்லை, செய்யப்படுவது இன்னதென்பதும் இல்லை. இதற்கு நேர்மாறாக, 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதைப் பற்றிச் சொன்னபோது, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று உறுதிக்கும் ஆசைக்கும் தனித்தனி அளவு வைத்துப் பேசியது. சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய அந்த ஒரு படித் திட்டமும் மாநிலம் முழுவதும் பரவாமல் நின்றுவிட்டது. ஆனால் எது நிறைவேறவில்லை என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், வாக்குறுதி துல்லியமான மொழியில் இருந்ததே.

வரைபடத்தில் எதை வரைவது

2008 இல் ஜொனாதன் ஃபைன்பெர்க் வெளியிட்ட ஒரு கருவிக்குப் பிறகு, அதிகம் வரும் சொல்லைப் பெரிதாகவும் குறைவாக வருவதைச் சிறிதாகவும் குவித்துக் காட்டும் சொல்மேகம் என்னும் படம் பத்திரிகைகளில் பெருவழக்காயிற்று. பார்வைக்கு ரம்மியமானது, ஆராய்ச்சிக்கு அற்பப் பயனே உடையது. சொல் எந்த இடத்தில் வந்தது, எதனோடு வந்தது, எவரை நோக்கி வந்தது என்ற மூன்றையும் அது மறைத்துவிடுகிறது. தமிழிலோ உருபு வேறுபட்ட ஒரே சொல் பத்து மூலைகளில் சிதறிக் கிடக்கும். அதே ஆண்டில் வாட்டன்பெர்க், வியேகாஸ் என்ற இருவர் அறிமுகம் செய்த சொல்மரம், ஒரு சொல்லுக்குப் பின் வந்த தொடர்களையெல்லாம் கிளைகளாக விரித்துக் காட்டுவதால் அதனினும் மேலானது. ஆனால் தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால், மரத்தைத் தலைகீழாக்கி, வினைமுற்றை அடியாகவும் அதற்கு முன் வருபவற்றைக் கிளைகளாகவும் வரைந்தால்தான் நமக்கு உதவும். "வழங்கப்படும்" என்பதை அடியாக வைத்து, எவையெவை வழங்கப்படும் என்று சொல்லப்பட்டன என்பதைக் கிளைகளில் காணலாம்.

நான் பரிந்துரைப்பது இன்னும் எளியது. பேச்சின் முதற் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. நாம், நம், நமது என்பன வருமிடங்களில் கோட்டுக்கு மேலே நிறைந்த புள்ளி. நாங்கள், எங்கள், எமது என்பனவற்றுக்குக் கோட்டுக்குக் கீழே நிறைந்த புள்ளி. எழுவாயின்றி வரும் ஓம் விகுதிக்குக் கோட்டிலேயே பாதி நிறைந்த புள்ளி. செயப்பாட்டு வாக்குறுதிக்கு வெற்று வட்டம். நான், வேன் என்பவற்றுக்கு ஒரு சதுரம். இதற்குக் கீழே இரண்டாவது கோட்டில் ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் எண்களும். மூன்றாவது கோட்டில் கைதட்டல். வர்ணம் வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் எந்த வர்ணத்தை எடுத்தாலும் ஒரு கட்சிக்கொடி நினைவுக்கு வந்து பார்ப்பவரின் நடுநிலைமை கெடும்.

மூன்றாவது கோடு எதற்கென்று கேட்கலாம். 1984 இல் மாக்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கில ஆய்வாளர், அரசியல் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை நுணுகிக் கேட்டு, கைதட்டல் தற்செயலாக எழுவதன்று என்றும், மூன்று உறுப்புகள் கொண்ட அடுக்கின் முடிவிலும் எதிர்நிலைத் தொடரின் முடிவிலும் அது பெரும்பாலும் எழுகின்றது என்றும் நிறுவினார். நம்மவருக்கு இது புதுமையன்று. அண்ணாவின் "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" மும்மை அடுக்கும் மோனையும் ஒருங்கே அமைந்தது. ஆனால் கைதட்டல் எழுந்த இடத்தில் எந்த விகுதி நின்றது என்று மூன்று கோடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், கூட்டம் ஓசைக்குக் கைதட்டிற்றா, உறுதிக்குக் கைதட்டிற்றா என்ற வினாவுக்கு விடை கிடைக்கும். விருத்தாசலத்தில் 2006 இல் நடந்ததைப் பற்றி நான் கொண்டுள்ள அபிப்பிராயமும் இவ்விதம் சோதிக்கப்பட வேண்டியதே: அடுக்குமொழியைக் கேட்டுக் கேட்டு அதன் முடிவை முன்னதாகவே ஊகிக்கப் பழகிவிட்ட ஒரு கூட்டத்துக்கு, "மக்களே" என்ற நேர் விளியும், எண்களும், அலங்காரமற்ற வினைமுற்றுகளும் ஒரு மாறுதலாக ஒலித்தன என்பதே அவ்வபிப்பிராயம். திரைப்புகழ் ஒன்றே காரணமென்று சொல்வோர்க்கு, அதே புகழ் மற்றத் தொகுதிகளில் ஓர் இடத்தையும் தரவில்லை என்பதும், அவரே வேட்பாளராக நின்றது இங்கேதான் என்பதும் நினைவூட்டத்தக்கவை.

அளவையின் எல்லை

இவ்வளவையை எல்லாம்வல்ல உரைகல்லாக எவரும் கொள்ளலாகாது. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசரிடம் மனுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெற்ற பதில் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பது. நம் வரைபடத்தில் அதற்கு மிகக் குறைந்த இடமே கிடைக்கும்; செய்பவர் இல்லை, காலம் இல்லை, செயல்கூட இல்லை. ஆயினும் அந்த இரண்டு சொற்களை மக்கள் உறுதிமொழியாகவே ஏற்றார்கள். ஏனெனில் சொன்னவரின் முந்திய செயல்கள் அச்சொற்களுக்கு ஈடாக நின்றன. சொல்லின் உருவம் சொல்பவரது நாணயத்தைக் காட்டுவதில்லை. எதற்கு அவரைப் பொறுப்பாளியாக்கலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது. பள்ளிகளும் பகலுணவும் அணைகளும் தந்தவருக்கு "பார்க்கலாம்" போதும். அத்தகைய ஈடு இல்லாதவருக்கு வினைமுற்றைக் கூர்ந்து பார்ப்பதே கேட்பவரின் பாதுகாப்பு.

சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதை இவ்வூரார் அனைவரும் அறிந்தது. அவர் பொன்னை ஆற்றில் இடுமுன் மச்சம் என்று ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்பதும், குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு முறையிட்டார் என்பதும் பெரியபுராணம் சொல்லும் செய்தி. இறைவன் கொடுத்த பொன்னுக்கே மச்சம் வெட்டி வைத்தவர் அவர். வேட்பாளர் கொடுக்கும் சொல்லுக்கு நாம் மச்சம் வெட்டி வைப்பதில்லை. ஒரு தொகுதியில் பேசியவர் அடுத்த தேர்தலில் மற்றொரு தொகுதியில் நிற்கலாம். விஜயகாந்தே 2011 இல் ரிஷிவந்தியத்துக்குச் சென்றார். ஆள் போனாலும் பேச்சின் பாடம் ஊரில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டுவது பெரிய காரியம் அன்று. விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே தமிழ் பயிலும் மாணவர்களுக்கு விகுதியும் உருபும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் சூத்திரங்களாகவே இருந்துவருகின்றன. அடுத்த தேர்தலில் எல்லாக் கட்சிகளின் கூட்டங்களுக்கும் கைபேசியோடு சென்று பேச்சைப் பதிந்து, பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதி, நாம், நாங்கள், ஓம், படும் என்ற நான்கையும் குறித்து, மேற்சொன்ன கோட்டுப் படங்களை வாக்குப்பதிவுக்கு முன்னரே கடைவீதியிலும் தொழிற்பேட்டை வாயிலிலும் அவர்கள் ஒட்டுவார்களாயின், அதற்குப் பணமும் வேண்டாம், அரசாங்க உத்தரவும் வேண்டாம். கட்சி பேதமின்றி எல்லாப் பேச்சுகளையும் ஒரே அளவுகோலால் அளப்பது ஒன்றே நிபந்தனை. தமிழாசிரியர்கள் இதனை ஒரு பருவப் பயிற்சியாக ஏற்க வேண்டுமென்றும், ஊரிலுள்ள மற்றவர்கள், எந்தக் கட்சியினராயினும், தங்களிடமுள்ள பழைய ஒலிநாடாக்களையும் துண்டறிக்கைகளையும் அவர்களுக்குக் கொடுத்துதவ வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.